ஏலத்தோட்ட ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தில் வீடும் இடுக்கி மலையில் ஏலத்தோட்டமுமாக வாழ்கிறவர்கள் பலர். அவர்களில் சிலர் பழைய ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கி, பின்னால் டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு மண் பாதையில் ஏறுகிறார்கள். பிறகு கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது என்று போடியிலும் கம்பத்திலும் பூப்பாறையிலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறேன். மற்ற வகைகளுக்குத் தனியே ஒரு கேள்வி இருக்கிறது.

போடிமெட்டு ஏற்றத்தில் வராத சூடு, தோட்டத்துக்குள் போகும் சின்ன மண் பாதையில் ஏன் வருகிறது?

போடியிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். 17 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் அது தார்ச்சாலை. சரிவை அளந்து வெட்டிய சாலை. வளைவுகளுக்கு இடையே வண்டி இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிடும். தோட்டப் பாதையை வெட்டியவர்கள் அப்படி எதையும் அளக்கவில்லை. மேட்டில் இருக்கும் ஸ்டோருக்கு (ஏலக்காய் உலர்த்தும் கட்டடம்) எது குறுக்குவழியோ அதுவே பாதை. அங்கே எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது.

அந்த வேகத்தில்தான் சிக்கல். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கிளட்ச் பிளேட் இல்லை, டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. இன்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலைச் சுழற்றி வீசுகிறது. அந்த ஆயில் மோதுவதால் எதிர்ச் சக்கரம் சுழல்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றால் இழப்பு குறைவு. இன்ஜின் வேகமாகவும் எதிர்ச் சக்கரம் மெதுவாகவும் சுழலும்போது, இடையில் வழுக்கிப் போகும் ஆற்றல் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கிவிடுகிறது. நல்ல வேகத்தில் லாக்கப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். அப்போது வழுக்கலே கிடையாது. முதல் கியரில், நடை வேகத்தில், பாரத்தோடு ஏறும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பூட்டு விழுவதில்லை.

எவ்வளவு சூடுதான் உண்டாகிவிடும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி 2,000 கிலோ, சுமையோடு டிரெய்லர் 1,000 கிலோ, ஆறடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். இளகிய மண்ணின் இழுவையையும் சேர்த்தால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரங்களில் ஏறத்தாழ 17 கிலோவாட் வேண்டும். கன்வர்ட்டர் நூற்றுக்கு 65 பங்கை மட்டும் கடத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 9 கிலோவாட் சூடாகப் போகிறது. வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் ஆயிரம் வாட் ஹீட்டர் கம்பி ஒன்பதைப் பத்து லிட்டர் ஆயிலுக்குள் முக்கி வைத்தது போல. எதுவும் குளிர்விக்காமல், கியர் பெட்டியின் உலோகமும் சூட்டை வாங்காமல் இருந்தால் ஆயிலின் வெப்பம் நிமிடத்துக்கு முப்பது டிகிரி ஏறும். நல்லவேளையாக உலோகமும் கூலரும் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒன்றும் தெரிவதில்லை. உலோகமும் சூடாகி முடிந்த பிறகு எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

இந்தக் கணக்கில் நீங்கள் மாற்றக்கூடியவை இரண்டுதான்: எடை, கன்வர்ட்டர் வழுக்கும் அளவு. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றியே இருக்கும்.

இன்ஜின் வெப்பமானி நடுவில்தான் நிற்கிறது. அப்படியானால் கியர் பாக்ஸும் சரியாகத்தானே இருக்கும்?

இல்லை. அந்த முள் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைச் சொல்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலின் சூட்டை அது சொல்லாது. தண்ணீர் 90 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதே ஆயில் 130 டிகிரியைத் தாண்டியிருக்கலாம்.

எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக ஓட்டலாம். ஏற்றத்தில் 105, 110 வரை போய், சமதளத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை. 120ஐத் தாண்டினால் ஆயில் கெடத் தொடங்கி, வால்வுகளில் பிசுபிசுப்பான படிவு சேரும். 150ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகும், உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு கருகும். அதற்குப் பிறகு ஆயிலை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

மெக்கானிக்குகளிடையே ஒரு பழைய விதி உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். சாதாரணக் கனிம ஆயில் காலத்து விதி அது. இன்றைய செயற்கை ஆயில்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் சூடு ஏற ஏறக் கேடு பல மடங்காகப் பெருகும் என்பதில் மாற்றம் இல்லை.

ஆயில் சூட்டை எப்படிப் பார்ப்பது?

டேஷ்போர்டில் இருக்கும் எச்சரிக்கை விளக்கை நம்ப வேண்டாம். அது எரியும்போது கெடுதல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினித் தகவலைப் படிப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறு ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் செயலியில் கியர் பாக்ஸ் ஆயில் வெப்பநிலை எண்ணாகத் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் அந்த அளவீட்டைத் தன் சொந்தக் குறியீட்டில் வைத்திருப்பதால், உங்கள் மாடலுக்குப் பொருந்தும் செயலியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சில டொயோட்டா வண்டிகளில் இரண்டு எண்கள் வரும்: ஒன்று கியர் பாக்ஸின் அடித்தட்டில் இருக்கும் ஆயிலின் சூடு, மற்றது கன்வர்ட்டரிலிருந்து வெளிவரும் ஆயிலின் சூடு. இரண்டாவது எண் ஏற்றத்தில் சட்டென்று மேலே பாயும். சமதளம் வந்ததும் சட்டென்று இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அடித்தட்டு எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால்தான் நிறுத்த வேண்டும்.

ஃபோர் லோ என்பது சேற்றில் சிக்கினால் போடுவதற்குத்தானே? நல்ல காய்ந்த பாதையில் எதற்கு?

இந்த எண்ணத்தால் கெட்ட கியர் பாக்ஸ்கள் ஏராளம். ஃபோர் லோ என்பது நான்கு சக்கரங்களும் இயங்க, சுழற்சியைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் நிலை; குறைக்காத சாதாரண நிலை ஹை. பாரத்தோடு மெதுவாக ஏறும் எந்தப் பாதைக்கும் ஃபோர் லோ பொருந்தும். சேறு இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) லோவில் சுழற்சி வேகத்தை 2.566 மடங்கு குறைக்கிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், முதல் கியரில், சாதாரண ஹையில் ஏறினால் கன்வர்ட்டரின் எதிர்ச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 770 சுற்றுதான் சுற்றும். பாரத்தை இழுக்க இன்ஜினோ 1,800, 2,000 என்று உறுமிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் வழுக்கல். அதே வேகத்தில் ஃபோர் லோ போட்டால் எதிர்ச் சக்கரம் ஏறத்தாழ 1,970 சுற்று சுற்றுகிறது. இன்ஜின் அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாகச் சுற்றும். கன்வர்ட்டர் கடத்த வேண்டிய முறுக்குவிசையும் அதே மடங்கு குறைந்துவிடுகிறது. வழுக்கல் ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இன்ஜின் சுற்று கூடினால் தண்ணீர் பம்ப், கியர் பாக்ஸின் ஆயில் பம்ப், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் விசிறி மூன்றும் கூடுதலாக வேலை செய்யும். சூடு குறைவாக உண்டாகிறது. உண்டான சூடும் வேகமாக வெளியேறுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூலர் மாட்டுவதற்கு முன், வண்டியிலேயே சும்மா கிடக்கும் அந்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள் என்பதே என் முதல் பரிந்துரை.

போடும் முறை: ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் சமதளத்தில் நிறுத்தி, 'என்' (நியூட்ரல்) நிலைக்கு வந்து, பிறகு லோ போட வேண்டும். பாதி ஏற்றத்தில் டிரெய்லரோடு நின்று மாற்றப் பார்ப்பது ஆபத்து.

ஃபோர் லோவில் டீசல் அதிகம் குடிக்காதா?

இன்ஜின் சத்தம் கூடுவதால் அப்படித் தோன்றுகிறது. கன்வர்ட்டரில் வீணாகிக்கொண்டிருந்த டீசல் மிச்சமாவதால், செங்குத்தான ஏற்றத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

கொண்டை ஊசி வளைவில் ஃபோர் லோ போட்டால் வண்டி இடறுகிறதே?

பகுதி நேர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தோட்டப் பாதைகளில் மழைக்கு அரிக்காமல் இருக்க வளைவில் மட்டும் சிமெண்ட் போட்டிருப்பார்கள். அங்கே டயர் வழுக்காது, வண்டி முரண்டு பிடிக்கும். ஒரு வளைவின் நீளத்துக்கு அது பரவாயில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்காமல் அகலமாகத் திருப்பி, மெதுவாகக் கடந்துவிடலாம். பாதை முழுவதும் சிமெண்ட் என்றால் ஃபோர் லோவில் போகக் கூடாது. அங்கே சுமையைப் பாதியாக்குவதுதான் வழி.

ஓட்டும் முறையில் என்ன கவனிக்க வேண்டும்?

மிகப் பெரிய குற்றம், ஏற்றத்தில் வண்டியை ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிறுத்துவது. எதிரே ஜீப் வருகிறது, ஒதுங்க இடம் இல்லை, காலை லேசாக அழுத்தியபடி வண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். வண்டி நகராதபோது கன்வர்ட்டர் கடத்தும் ஆற்றல் பூஜ்யம். இன்ஜின் கொடுப்பது எல்லாமே சூடு. பணிமனைக் கையேடுகளில் 'ஸ்டால் சோதனை' என்று ஒன்று இருக்கிறது: பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பது. அதை 5 விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்பது கையேடுகளின் பொதுவான எச்சரிக்கை. வண்டி நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில் நிற்கட்டும்.

அடுத்தது, முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவது. அது ஊர்ந்தால் நீங்களும் ஊர வேண்டும், அது நின்றால் நீங்களும் நின்று மறுபடி கிளம்ப வேண்டும். கீழேயே காத்திருந்து, பாதை காலியான பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மாலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஊர் திரும்பும் ஜீப்புகளுக்கு இந்த விதி நினைவிருப்பதில்லை. ஆகவே சாலை விதியைவிட நேரத்தை நம்புங்கள்: அவர்கள் இறங்கும் வேளையில் நீங்கள் ஏறாதீர்கள்.

கியரை 'டி'யில் விட்டுவிடாமல் கையால் முதலிலோ இரண்டிலோ நிறுத்தி வையுங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று என்று பெட்டி தடுமாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் உராய்கின்றன. ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கி அனுப்புகிறது. மலை மேல் காற்று குளிர்ச்சிதான், ஆனால் நடை வேகத்தில் அந்தக் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுவதில்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. இன்ஜினை உடனே அணைக்கலாமா?

அணைக்காதீர்கள். கியர் பாக்ஸின் ஆயில் பம்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் ஆயில் கூலருக்குப் போவது நின்றுவிடும், சூடு உள்ளேயே தேங்கும்.

முடிந்தவரை சமமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். பிரேக்கை மிதித்தபடி 'என்' போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, டிரெய்லர் சக்கரத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கல் வைக்கச் சொல்லுங்கள். கல்லின் மீது பாரம் உட்கார்ந்த பிறகே 'பி' போடுங்கள். நேரடியாக 'பி' போட்டால் மூன்று டன் பாரமும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு இரும்பு நாக்கில் தொங்கும். பிறகு பானெட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை 1,000, 1,200 சுற்றில் ஓடவிடுங்கள். செயலியில் ஆயில் சூடு 95க்குக் கீழே வரும் வரை பொறுமை வேண்டும்.

இந்த நேரத்தில் அக்கறையோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பெட்டியின் மீது ஊற்ற ஒருவர் கட்டாயம் வருவார். தடுத்துவிடுங்கள். கொதிக்கும் அலுமினியக் கூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். கீழே குனிந்து ஒருமுறை பாருங்கள்: அதிகமாகச் சூடான ஆயில் பொங்கி, காற்றுப்போக்கி வழியாக வெளியே வழியும். அது சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். வழிந்திருந்தால் அன்றைக்குப் பயணம் முடிந்தது.

தனியாக ஒரு கூலர் மாட்டினால் போதுமா?

உதவும். ஆனால் பலர் அதை முதல் மருந்தாக எண்ணுகிறார்கள், அது மூன்றாவது மருந்து. எடையைக் குறைத்து, ஃபோர் லோவில் ஏறிப் பார்த்து, அப்போதும் 115, 120 என்று வந்தால் மாட்டுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டர் தண்ணீரைப் பயன்படுத்தும் சிறு அமைப்பு ஏற்கெனவே இருக்கும். புதிதாக மாட்டும் காற்றுக் கூலரை அதற்குப் பின்னால், கியர் பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் சேர்ப்பது வழக்கம். அடுக்குத் தகடு வகை, வளைந்த குழாய் வகையைவிட நல்லது. முக்கியமான ஒன்று: நமக்கு வேண்டியது மின்விசிறியோடு சேர்ந்த கூலர். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று எங்கிருந்து வரும்? குழாய்களும் கியர் பாக்ஸ் ஆயிலின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண டீசல் குழாயை மாட்டிக் கிளிப் போட்டுக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இருக்கும் கூலரைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். தென்மேற்குப் பருவ மழையில் தெறிக்கும் சேறு, பிறகு காய்ந்த புல்விதை, தூசி எல்லாம் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பின் முழு அழுத்தத்தைக் காட்டினால் தகடுகள் மடங்கிப்போகும்.

ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னாரே?

யாருடைய வாழ்நாள் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும்: டிரெய்லர் இழுத்தல், மலைப்பாதை, தூசி நிறைந்த சாலை. மூன்றும் உங்களுக்குப் பொருந்தும். அங்கே சொல்லப்பட்ட இடைவெளியைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும். ஒருமுறை 130ஐத் தாண்டியிருந்தால் இடைவெளியைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

வடிகால் திருகைத் திறந்தால் பாதி ஆயில்கூட வராது. மீதி கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். சற்று இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பினால்தான் பெரும்பகுதி புதிதாகும். பல புதிய வண்டிகளில் அளவுக் குச்சி இல்லை. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது வழிவுத் துளையைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். இந்த முறை தெரியாத இடத்தில் கொடுத்தால் ஒரு லிட்டர் குறைந்தே திரும்பும். ஒரு நிறுவனத்தின் ஆயிலுக்குப் பதிலாக நிறம் ஒன்றுதானே என்று வேறொன்றை ஊற்றாதீர்கள்.

ஆயில் கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தால் அது சூட்டுப் பிரச்சினை அல்ல. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாமல் பணிமனைக்கு ஏற்றி அனுப்புங்கள்.

எவ்வளவு எடை வரை இழுக்கலாம்? ஹைலக்ஸ் மூன்றரை டன் இழுக்கும் என்கிறார்களே?

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் சொல்லும் 3,500 கிலோ, பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கேயே 750 கிலோதான். நம் பக்கத்தில் ஓடும் சிறு டிரெய்லர்களில் பிரேக் இருப்பதைக் காண்பது அரிது. அந்த எண்களும் ஒழுங்கான சாலையை மனத்தில் வைத்தவை. அமெரிக்க இழுவைத் தரநிலையின் புகழ்பெற்ற சோதனை, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் நடக்கிறது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர், ஏ.சி. ஓட, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், ஆனால் அது நெடுஞ்சாலை. அந்த வேகத்தில் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளும், காற்றும் வீசும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் தடத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தோட்டப் பாதைக்கு என் கணக்கு: உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட பிரேக் இல்லாத அளவை எடுத்து, செங்குத்தான மண் பாதைக்கு அதில் பாதி. டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்ளேதான்.

தண்ணீர்த் தொட்டிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன். மார்ச், ஏப்ரலில் மருந்து தெளிக்கவும் நாற்றுக்கு ஊற்றவும் தண்ணீர் ஏற்றும்போது வெயிலும் உச்சத்தில் இருக்கும். பாதி நிரப்பினால் எடை குறையுமே என்று ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஐந்நூறு ஊற்றுவது அதைவிட மோசம்: வளைவில் தண்ணீர் அலைமோதி டிரெய்லரை ஆட்டும். மேலே சொன்ன எடைக்குள் அடங்கும் சிறு தொட்டியை முழுக்க நிரப்பிப் பல நடை போங்கள். மேலேயே ஓடைநீரைத் தேக்கிவைக்க வழி இருந்தால் வண்டியே வேண்டாம்.

ஏலக்காய் எதிர்த்திசையில் வரும் சுமை. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் தேறும். மேலேயே ஸ்டோர் வைத்து உலர்த்துகிறவர்களுக்கு இறக்கும் சுமை ஐந்தில் ஒன்று. ஆனால் அந்த ஸ்டோருக்கு விறகும் டீசலும் மேலே ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.டி., சி.வி.டி., இரட்டை கிளட்ச் வண்டிகள்?

டிரெய்லர் மாட்ட வேண்டாம். ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கிளட்ச்தான். மோட்டார் அதை மிதிக்கிறது. செங்குத்தில் மெதுவாக ஊர்ந்தால் அது அரைகுறையாகப் பிடித்தபடியே கருகும். உலர் வகை இரட்டை கிளட்சுக்கும் அதே கதி. கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி.யில் அந்தப் பெல்ட் வழுக்கித் தேயும். மூன்றுமே தார்ச்சாலை வண்டிகள்.

இறக்கத்திலும் கியர் பாக்ஸ் சூடாகுமா?

ஏற்றத்தின் அளவுக்கு ஆகாது. இறக்கத்தில் கவலை பிரேக்கைப் பற்றியது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே ஃபோர் லோ முதல் கியரில் இறங்குங்கள். இன்ஜினே பிடித்து இழுக்கும். 'என்' போட்டு உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவர்களிடம் பேசிப் பயனில்லை. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வளைவில் வண்டியையே குறுக்கே மடக்கிவிடும்.

பின்னோக்கி ஏற வேண்டி வந்தால்?

ரிவர்ஸில் லாக்கப் விழாது. சூடு மிக வேகமாக ஏறும். ஃபோர் லோவில் மட்டும், வண்டி நீளத்துக்கு மேல் வேண்டாம். திரும்ப இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே நடந்து பார்ப்பது நல்லது.

சேற்றில் சிக்கினால் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கலாமா?

'டி', 'ஆர்', 'டி', 'ஆர்' என்று வேகமாக மாற்றினால் உள்ளே இருக்கும் கிளட்சுகள் ஒவ்வொரு முறையும் எதிர்த் திசைச் சுழற்சியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டு முறை முயன்று பாருங்கள், ஒவ்வொரு முறையும் சக்கரம் முழுவதும் நின்ற பிறகு. வரவில்லை என்றால் டிரெய்லரைக் கழற்றி, வண்டியை முதலில் வெளியே எடுத்து, பிறகு டிரெய்லரைக் கயிறு போட்டு இழுங்கள்.

நடுவழியில் நின்றுபோன ஆட்டோமேட்டிக்கை ஜீப்பால் கட்டி இழுக்கலாமா?

இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. இயங்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர் பாக்ஸின் உட்பகுதி ஆயில் இல்லாமல் சுழலும். ஆபத்தான இடத்திலிருந்து சில மீட்டர் நகர்த்தலாம், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் கேஸில் தனியே நியூட்ரல் நிலை இருந்து, கையேடும் அனுமதித்தால் இழுக்கலாம். இல்லையென்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

டிரெய்லருக்குப் பதிவு தேவையா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் மோட்டார் வாகனம் என்பதற்குள் டிரெய்லரும் அடங்கும். பட்டறையில் செய்து வாங்கியதாக இருந்தாலும், பதிவில்லாமல் பொதுச் சாலைக்கு வந்தால் அது சட்டப்படி தவறு. எல்லைச் சாவடியில் மாட்டுவதைவிட, விபத்து நடந்து காப்பீடு கைவிரிப்பது பெரிய இழப்பு.

இவ்வளவு தொல்லை என்றால் பழைய மேனுவல் ஜீப்பே போதாதா?

தினமும் பாரம் ஏற்ற வேண்டிய தோட்டத்துக்கு, ஆம். கிளட்ச் பிளேட் கருகினால் போடியில் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள்; ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவரைத் தேடி மதுரைக்கோ கொச்சிக்கோ போக வேண்டியிருக்கும். அதே நேரத்தில், கிளம்பும்போது பின்னால் உருளாமல் ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் தரும் நிதானம் மேனுவலில் கிடையாது. எப்போதாவது சுமை ஏற்றுபவருக்கு, லோ உள்ள டார்க் கன்வர்ட்டர் வண்டி ஒன்றும் மோசமில்லை.

பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கப் போகிறேன். மலையில் வாட்டியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னால் கொக்கி இருந்ததற்கான அடையாளத்தை முதலில் பாருங்கள். கழற்றி விற்றாலும் சேஸிஸில் போல்ட் துளையும் புதுப் பெயிண்டும் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த வண்டியை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி 'என்'னிலிருந்து 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தாமதித்துப் பிடித்தாலோ, தடாலென்று பிடித்தாலோ உள்ளே தேய்மானம் இருக்கிறது. நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி ஓர் ஏற்றத்தில் ஏறுங்கள். கியர் மாறும்போது வேகம் கூடாமல் இன்ஜின் சுற்று மட்டும் துள்ளினால் பிளேட்டுகள் வழுக்குகின்றன. பிறகு ஆயிலைச் சிறிது எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்போ இளம்பழுப்போ பரவாயில்லை. கறுத்துக் கருகல் வாடை அடித்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். நேற்றுத்தான் ஆயில் மாற்றினேன் என்று அவர் சொன்னால், ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தட்டில் இருக்கும் காந்தத்தில் மெல்லிய பொடி ஒட்டியிருப்பது இயல்பு, உலோகச் சில்லுகள் ஒட்டியிருப்பது இயல்பல்ல.